எந்த பிளாக்?

தில்லி நகரின் மேற்குப் பக்கத்தில் ஜனக்புரி இருக்கிறது. அது பெரிய குடியிருப்புப் பகுதி. தமிழர்களும் அங்கே வாழ்கிறார்கள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. அவற்றில் ஒன்று ஜனக்புரியில் உள்ளது.

நம் ஊரில் ஒரு வீட்டைத் தேடிப் போனால் என்ன கேட்போம்? தெருப் பெயரைக் கேட்போம். மேலத் தெரு, பிள்ளையார் கோயில் தெரு என்று சொல்வார்கள். ஜனக்புரியில் அது செல்லாது. அங்கே முதல் கேள்வியே "எந்த பிளாக்?" என்பதுதான். ஏ, பி, சி, டி என்று ஆங்கில எழுத்துகளால் ஊரைப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் 1, 2, 3 என்று எண்கள் வரும். எழுத்து ஒன்று மாறினால் போதும். ஆட்டோ வேறு மூலைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

இங்கே பிளாக் என்றால் வீடுகளின் தொகுதி. நெய்வேலி நகரியமும் இப்படிப் பிரிக்கப்பட்டதுதான். அங்கே தமிழில் 'வட்டம்' என்று எழுதுகிறார்கள். நல்ல சொல்.

ஆனால் பிளாக் என்ற சொல் வீட்டு முகவரியோடு நிற்பதில்லை. கட்டடம் கட்டும் இடத்தில் ஹாலோ பிளாக் என்கிறார்கள். அரசு அலுவலகத்தில் பிளாக் ஆபீஸ் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஹார்ட் பிளாக் என்கிறார்கள். செல்போனில் நம்பரை பிளாக் பண்ணு என்கிறார்கள். ஒரே சொல்லுக்கு இத்தனை பொருள் எப்படி வந்தது?

இந்தச் சொல்லுக்கு முதலில் இருந்த பொருள் மரக்கட்டை. ஐரோப்பாவில் வெட்டிய அடிமரத்தை அப்படி அழைத்தார்கள். கட்டை என்பது கெட்டியாக, ஒரே துண்டாக இருக்கும். அதனால் கெட்டியான துண்டுகளுக்கெல்லாம் அந்தப் பெயர் வந்தது. சுவர் கட்டும் கல்லும் பிளாக், துணியில் பூப்போடும் அச்சுக்கட்டையும் பிளாக். சேர்ந்து நிற்கும் வீடுகளும் பிளாக் ஆயின.

கட்டைக்கு இன்னொரு குணம் உண்டு. வழியில் போட்டால் வழி அடைபடும். அதனால் தடுப்பதற்கும் அடைப்பதற்கும் அதே சொல் வந்தது. இது வெள்ளைக்காரர் மட்டும் யோசித்த யோசனை அல்ல. நாமும் அப்படித்தான் பேசுகிறோம். தேர்ச் சக்கரத்தை நிறுத்தக் கட்டை போடுவார்கள். அதற்கு முட்டுக்கட்டை என்று பெயர். ஒரு நல்ல காரியத்தைக் கெடுப்பவரையும் 'முட்டுக்கட்டை போடுகிறார்' என்று சொல்கிறோம் அல்லவா?

பிளாக் ஆபீஸ் எப்படி வந்தது? 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. பல கிராமங்களைச் சேர்த்து ஒரு வட்டாரம் ஆக்கினார்கள். அதுவே பிளாக். தமிழ்நாட்டில் இது ஊராட்சி ஒன்றியம் எனப்படும். மக்கள் 'பி.டி.ஓ.' என்று சொல்பவர் வட்டார வளர்ச்சி அலுவலர்.

தமிழில் எழுதும்போது ஒரு சிக்கலும் இருக்கிறது. கருப்பு நிறத்துக்கான ஆங்கிலச் சொல்லையும் நாம் 'பிளாக்' என்றே எழுதுகிறோம். சினிமா டிக்கெட் பிளாக்கில் விற்றது என்றால் அது கள்ள விற்பனை. அந்த பிளாக் வேறு, இந்த பிளாக் வேறு. பக்கத்தில் உள்ள சொற்களைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

படிக்கத் தெரிந்தவர்களையும் தடுமாற வைப்பது 'பிளாக் லெட்டர்'. வங்கிப் படிவத்திலும் ரயில் முன்பதிவுப் படிவத்திலும் இது வரும். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் பெரிய வடிவம், சிறிய வடிவம் என்று இரண்டு உண்டு. தமிழில் இந்த வேறுபாடே இல்லை. பிளாக் லெட்டரில் எழுது என்றால், பெரிய வடிவத்தில், ஒன்றோடொன்று ஒட்டாமல் எழுது என்று பொருள்.

ஆஸ்பத்திரியில் இந்தச் சொல்லைக் கவனமாகக் கேட்க வேண்டும். ஜனக்புரியில் தில்லி அரசின் அதிசிறப்பு மருத்துவமனை இருக்கிறது. இதயத்துக்கும் அங்கே மருத்துவம் உண்டு. அது இருக்கும் இடமும் ஒரு பிளாக்கில்தான்! உள்ளே போனால் வேறு பிளாக்.

'இதயத்தில் பிளாக்' என்று டாக்டர் சொன்னதாக வீட்டில் பேசிக்கொள்வோம். அது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்பு படிந்து அடைத்துக்கொள்வது ஒன்று. இது ரத்தக் குழாய் அடைப்பு. நடக்கும்போது நெஞ்சு வலிக்கலாம், மூச்சு வாங்கலாம். ஆஞ்சியோகிராம் எடுத்து அடைப்பைக் கண்டுபிடிப்பார்கள். மருந்து கொடுப்பார்கள். தேவைப்பட்டால் ஸ்டென்ட் வைப்பார்கள், அல்லது அறுவை சிகிச்சை செய்வார்கள்.

மற்றொன்றுக்குத்தான் மருத்துவர்கள் ஹார்ட் பிளாக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதயம் துடிப்பதற்கு மிகச் சிறிய மின்சாரம் தேவை. அது இதயத்தின் மேல்பகுதியில் பிறந்து கீழே போகிறது. போகும் வழியில் தாமதமோ தடையோ வந்தால் துடிப்பு குறையலாம். ஓய்வாக இருக்கும்போது பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிப்பது வழக்கம். தடை கடுமையானால் 40க்கும் கீழே போகலாம். தலை சுற்றும், மயக்கம் வரும். ஈ.சி.ஜி. எடுத்தால் தெரியும். லேசான தடைக்குச் சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம். கடுமையான தடைக்கு பேஸ்மேக்கர் என்ற சிறு கருவியைப் பொருத்துவார்கள்.

நோய் வேறு, சிகிச்சை வேறு. பெயர் மட்டும் ஒன்று. ஆகவே டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "ஐயா, இது ரத்தக் குழாய் அடைப்பா, துடிப்பு மின்சாரத்தில் தடையா?" தமிழில் கேட்டால் குழப்பம் வராது. ஊரில் இருக்கும் உறவினருக்குச் சொல்லும்போதும் அப்படியே சொல்லலாம்.

வங்கி அட்டையிலும் ஒரு பிளாக் உண்டு. ஏ.டி.எம். அட்டை தொலைந்தால் உடனே வங்கிக்குச் சொல்லி பிளாக் செய்ய வேண்டும். அட்டை வேலை செய்யாது, அவ்வளவுதான். கணக்கில் உள்ள பணம் அப்படியே இருக்கும். புது அட்டை வாங்கிக்கொள்ளலாம். ஏமாற்றுக்காரர்களுக்கும் இந்தச் சொல் நன்றாகத் தெரியும். "உங்கள் கார்டு பிளாக் ஆகிவிட்டது, போனில் வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று பயமுறுத்துவார்கள். எந்த வங்கியும் அந்த எண்ணைக் கேட்காது. போனை வைத்துவிடுங்கள். அட்டையின் பின்பக்கம் உள்ள வங்கி எண்ணுக்கு நீங்களே பேசிக் கேளுங்கள். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம்.