குளத்துக்கும் ஒரு காவலர் வேண்டும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழையே கமக்காரரின் முதல். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கும் வழுக்கையாறு அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக வந்து, வட்டுக்கோட்டை, அராலி வயல்களைக் கடந்து கடனீரேரியில் சேர்கிறது. கோடையில் அது வெறும் வாய்க்கால்.

சுண்ணாம்புக் கல்லினூடே கீழிறங்கும் மழைநீர், நிலத்தடியில் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. குளத்தில் நீர் தேங்காவிட்டால் இந்த நன்னீர் குறையும்; இறைக்க இறைக்க உவர்நீர் மேலே ஏறும். ஆகவே குளம் தூர்ந்தால் கிணறும் கெடும்.

விதானையாரின் வேலைகள்

இங்கிலாந்தின் ஏரி மாவட்டம் 1951இல் தேசியப் பூங்காவானது. அங்கே 'ரேஞ்சர்' எனப்படும் காவலர் பாதை திருத்துவார், மரம் நடுவார், தொண்டர்களைத் திரட்டுவார், வருவோருக்கு வழிகாட்டுவார். இப்படி ஓர் ஆள் எமது நாட்டிலும் இருந்தார்.

நீர்ப்பாசன வழமைகளுக்கு 1856இல் சட்ட வலு கிடைத்தது. அவற்றை நடைமுறைப்படுத்தியவர் வெல்விதானை. மட்டக்களப்பில் வட்டை விதானை. விதைப்புக்கு முன் கூட்டம் கூட்டுவது, வாய்க்கால் வெட்ட ஆள் பிரிப்பது, மதகைத் திறந்து மூடுவது, மாடு பயிரை மேயாமல் பார்ப்பது, வரம்புச் சண்டை தீர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. விளைச்சலில் ஒரு பங்கு நெல்லே அவருக்குக் கூலி. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் அவர் இடத்தில் பயிர்ச்செய்கைக் குழுக்களை வைத்தது. 2000ஆம் ஆண்டு கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் இன்று கமக்காரர் அமைப்புகள் உள்ளன.

ஆளில்லாத குளம்

1990 முதல் வலிகாமம் வடக்கு மக்கள் பெயர்ந்தார்கள். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே பெயர்ந்தது. பலர் 1996இல் திரும்பினார்கள். வடக்கே காணிகள் 2009க்குப் பின் சிறிது சிறிதாகவே விடுவிக்கப்பட்டன. இன்னும் காத்திருப்போர் உண்டு. ஆற்றின் மேற்பகுதி பராமரிப்பின்றிக் கிடந்தால் கீழே வட்டுக்கோட்டை வயலும் பாதிக்கப்படும். குளத்தின் எல்லையையும் வாய்க்கால் போன வழியையும் அறிந்த முதியவர்கள் ஒவ்வொருவராய் மறைகிறார்கள். பதிவு இல்லாத வாய்க்காலின் மேல் நாளை மதில் எழும்.

நாம் செய்யக்கூடியவை

1. முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருந்தாலும், ஊர்க் குளங்கள், வாய்க்கால்கள், மதகுகள் ஆகியவற்றின் பெயரையும் எல்லையையும் முதியவர்களிடம் கேட்டு எழுதுங்கள், படம் வரையுங்கள். பிரதியைக் கிராம அலுவலரிடமும் கமநல சேவை நிலையத்திலும் கொடுங்கள்.

2. ஊர் திரும்பியோர் கமக்காரர் அமைப்பில் ஒருவரைக் குளக் காவலராகத் தெரிந்தெடுத்து, அறுவடையில் அவருக்கு நெல் ஒதுக்குங்கள். சம்பளமில்லாத பொறுப்பு நீடிக்காது.

3. ஆவணி, புரட்டாதியில் சிரமதானமாகத் தூர் வாருங்கள். அந்த வண்டலைத் தோட்டத்துக்கு எருவாக இடலாம்.

கூடிப் பேச

உங்கள் ஊர்க் குளத்துக்கு நீர் எந்த வழியால் வந்தது? அந்த வழி இன்று திறந்திருக்கிறதா? அதைச் சொல்லக்கூடிய முதியவர் யார், இப்போது எங்கே இருக்கிறார்?