ஒரே ஒரு எழுத்து மாறினால்

பி.எஸ்சி. படிக்கும் இளம்பிள்ளை மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார்: “ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம் டி.என்.ஏ.வை வெட்டும் என்பது புரிகிறது. வெட்டிய துண்டுகளை வைத்து இரண்டு டி.என்.ஏ.வும் ஒன்றா வேறா என்று எப்படிச் சொல்கிறார்கள்?”

எங்கள் வீட்டுத் தறியில் ஒரே பாவில் பல சேலை ஓடும். நடுவே நெய்யாமல் விட்ட இடம் பார்த்துத்தான் கத்தரி வைப்போம். ஓரிடத்தில் அந்த இடைவெளி விட்டுப்போனால் இரண்டு சேலை ஒரே நீளமாக வந்துவிடும். முழம் போட்டாலே தெரிந்துவிடும், பூவேலையைப் பார்க்க வேண்டியதில்லை.

ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம் என்ற நொதியும் இப்படித்தான் அடையாளம் பார்த்து வெட்டுகிறது. அது தேடும் அடையாளம் சில எழுத்துகள்தான். ஈகோ ஆர்-1 நொதிக்கு ஜி-ஏ-ஏ-டி-டி-சி. லாம்டா வைரஸின் 48,502 இணை நீள டி.என்.ஏ.வில் இது ஐந்து இடத்தில் வரும், ஆறு துண்டு கிடைக்கும். ஜெல்லில் மின்சாரம் விட்டால் சின்னத் துண்டு முன்னால் ஓடும், பெரியது பின்தங்கும். இந்த நொதிகளுக்காக ஆர்பர், நேதன்ஸ், ஸ்மித் மூவரும் 1978-இல் நோபல் பெற்றார்கள்.

இதற்கு எனக்கு மிகப் பிடித்த உதாரணம் அரிவாள் செல் சோகைதான். இந்தியாவில் அதை முதலில் கண்டது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம், 1952-இல். பீட்டா குளோபின் மரபணுவில் ஒரு ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘டி’ வந்துவிடுகிறது, அவ்வளவே. எம்.எஸ்.டி.-2 என்ற நொதி அங்கே சி-சி-டி-ஜி-ஏ-ஜி-ஜி என்ற வரிசையைக் கண்டுதான் வெட்டும். ‘ஏ’ போனதும் அடையாளமும் போயிற்று. இயல்பான மரபணுவில் சுமார் 1,150, 200 இணை நீளத்தில் இரு துண்டுகள் வரும். மாறியதில் வெட்டே விழாமல் 1,350-இல் ஒரே துண்டு. கோடிக்கணக்கான எழுத்துகளுக்குள் ஒரு எழுத்துப் பிழை வெறும் கண்ணுக்குக் கோடாகத் தெரிகிறது!

இதைப் போய்ப் பல கல்லூரிகளில் யாரோ எடுத்த ஜெல் படத்தை ரெகார்டு நோட்டில் ஒட்டவைத்து முடித்துவிடுகிறார்கள். நொதி விலை அதிகம், மைனஸ் 20 டிகிரி பிரீசர் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாளுக்கும் பென்சிலுக்கும் என்ன செலவு? இரண்டு வரிசையையும் அச்சிட்டுக் கொடுத்து, வெட்டும் இடத்தை மாணவரே குறித்து, எந்தக் கோடு எங்கே விழும் என்று வரைந்த பிறகல்லவா ஜெல் பக்கம் போக வேண்டும்?

நீங்களே தொடங்குங்கள் அம்மா. தாயிடமிருந்து மாறிய பிரதியும் தந்தையிடமிருந்து இயல்பான பிரதியும் பெற்றவருக்கு எத்தனை கோடு வரும் என்று முதலில் வரைந்து பாருங்கள். மூன்று வந்தால் சரி.