சோகைக்கு மூலகாரணம்

பழனிக்கு வடக்கே கீரனூரைச் சுற்றியுள்ள மக்காச்சோளக் காடுகளில் களையெடுக்கப் போகும் பெண்களில் பலர், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவதையும், குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுவதையும், "உடம்புல ரத்தம் பத்தலை" என்ற ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டு மறுநாளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை உண்டு. பாதிப்பேருக்கு இருப்பதாலேயே அதை இயல்பென்று கருதும் மனோபாவந்தான் நோயினும் கொடியது.

சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்ற வஸ்து பிராணவாயுவைச் சுமந்து சரீரமெங்கும் சேர்க்கிறது. ஓர் அணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அழிவதற்கு ஈடாக எலும்பு மஜ்ஜை புதியவற்றை ஆக்கிக்கொண்டே இருக்க இரும்புச் சத்து வேண்டும். மாதவிலக்கிலும் பிரசவத்திலும் இழப்பதை ஆகாரம் ஈடுசெய்யாதபோதும், செருப்பில்லாத பாதத்தின் வழியே புகுந்த கொக்கிப்புழு குடலைப் பற்றி ரத்தத்தை உறிஞ்சும்போதும் உடலிலுள்ள இரும்பின் சேமிப்பு வற்றிவிடுகிறது.

ஆனால் எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதன்று. இதை நமக்குத் தெளிவுபடுத்தியவர்களுள் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் என்றும் நன்றியோடு நினைக்கத் தக்கவர். 1928-இல் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகளை வாட்டிய கடுஞ்சோகையை ஆராயத் தொடங்கிய அவர், குன்னூர்ப் பாஸ்டர் ஆய்வு நிலையத்திலும், சென்னையில் கோஷா ஆஸ்பத்திரி என்று ஜனங்கள் அழைத்த திருவல்லிக்கேணி மருத்துவமனையிலும் அதே பணியைத் தொடர்ந்தார். அந்தப் பெண்களின் சிவப்பணுக்கள் இயல்பினும் பெருத்திருந்தன; மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாரத்தை உண்ணக் கொடுத்ததும் அவர்கள் தேறினார்கள். 1931-இல் அவர் இதை வெளியிட்டபோது பெயரற்றிருந்த அந்தச் சத்து, 1941-இல் ஸ்பினாச் என்ற கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பெற்ற ஃபோலிக் அமிலமே. இன்று கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையில் இரும்போடு அதுவும் சேர்ந்திருக்கிறது.

ஆகவே பரிசோதனையில் ஹீமோகுளோபின் அளவை அறிவதோடு அணுக்களின் உருவையும் பார்க்க வேண்டும். இரும்பு குறைந்தால் அவை சிறுத்து வெளிறும். ஃபோலிக் அமிலமோ பி12 வைட்டமினோ குறைந்தால் பெருக்கும். பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறினாலும் நரம்புகள் கெட்டுக்கொண்டே போகக்கூடும். பரம்பரையாக வரும் தலசீமியாவிலும் அணுக்கள் சிறுத்திருக்கும். ஆயினும் அங்கே பிழை ஹீமோகுளோபினின் ஆக்கத்தில் உள்ளது. அது கடுமையாக உள்ள குழந்தைகளுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்ற நேர்வதால் உடலில் இரும்பு மிகுந்து கேடு செய்கிறது. எலும்பு மஜ்ஜை மாற்றினால் குணமாக்கலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அந்தச் சிகிச்சை 1986-லேயே தொடங்கிவிட்டது.

இரும்புக் குறைவென்று உறுதியானால் வைத்தியம் எளிது, மலிவு. மலம் கறுப்பதைக் கண்டு பயந்தும், குமட்டுகிறதென்றும் பலர் மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறார்கள், கறுப்பது இயல்பே. களைப்பு நீங்கிய பிறகும் மூன்று மாதமாவது தொடர்ந்தால்தான் சேமிப்பு நிரம்பும். மாத்திரையோடு டீ, காப்பி குடிப்பது அதன் பயனைக் குறைக்கும். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ வயது முதிர்ந்த ஆணுக்கோ இந்தக் குறைவு காணப்பட்டால், குடலில் புண்ணோ கட்டியோ இருந்து ரத்தம் கசிகிறதா என்று அவசியம் பார்க்க வேண்டும். டானிக் புட்டியோடு வீடு திரும்பிவிடாமல், "இந்தச் சோகை எதனால் வந்தது?" என்று மருத்துவரைக் கேளுங்கள்.