மூக்கின் வழியாக மூளைக் கட்டி: வாசனை என்ன ஆகும்?



"மூக்கு வழியா கட்டியை எடுக்காங்களாமே, பிறகு வாசனை தெரியுமா ஐயா?" வார்டில் இப்படிக் கேட்கிறவர்கள் உண்டு. குற்றாலத்தில் கிராம்பும் ஜாதிக்காயும் விற்கிறவருக்கு இது பிழைப்பைப் பற்றிய கேள்வி. வீட்டில் சமைக்கிற தாய்க்கோ, கேஸ் கசிவதும் குழம்பு கெட்டதும் மூக்கால்தான் தெரியும். கண் மங்கிய ஈசாக்கு, மகனுடைய வஸ்திரத்தை முகர்ந்து பார்த்ததை வேதத்தில் வாசிக்கிறோமே!

பிட்யூட்டரி, மூளையின் அடியில், மூக்குக்குப் பின்னால் ஓர் எலும்புக் குழியில் இருக்கும் பட்டாணியளவு சுரப்பி. அதில் வரும் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. சிலவகை மாத்திரையிலேயே சுருங்கும். ஆனால் கட்டி வளர்ந்து மேலேயுள்ள பார்வை நரம்பை அழுத்தினால் பக்கப் பார்வை குறையும். எதிரே வரும் பஸ் தெரியும், பக்கவாட்டில் வருவது தெரியாது. அப்போது ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது.

1907-ல் ஆஸ்திரியாவில் டாக்டர் ஷ்லோஃபர் முதன்முதலாக மூக்கு வழியே இக்கட்டியை எடுத்தபோது, மூக்கையே வெளியிலிருந்து திறக்க வேண்டியிருந்தது. நம் நாட்டின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவை 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி ஆரம்பித்தார். 1990-களிலிருந்து, விளக்குள்ள மெல்லிய எண்டோஸ்கோப் குழாய் மூக்குத் துவாரம் வழியாகவே போகிறது.

வாசனையை அறியும் நரம்பு நுனிகள் மூக்கின் உட்கூரையிலும் நடுச்சுவரின் மேல் ஓரத்திலும் இருக்கின்றன. கட்டிக்குப் போகும் வழி அதற்குக் கீழே. ஆகவே கவனமுள்ள சர்ஜன் தாழ்வாகவே போவார். நடுச்சுவரின் உச்சியில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் சவ்வைத் தொடாமல் விடுவார். அங்கே மின்சூட்டுக் கருவியை வைக்கமாட்டார். பக்கச் சுவரிலுள்ள மடல் போன்ற எலும்புகளை முடிந்தவரை வெட்டாமல் ஒதுக்குவார். மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிந்தால் மட்டும், நடுச்சுவரின் சவ்வைத் திருப்பி அடைக்க நேரிடலாம். கசிவு மூளைக்காய்ச்சலில் கொண்டுபோய் விடுமாதலால் அங்கே அடைப்பதே முக்கியம்.

ஆபரேஷனுக்கு முன்பே காபித்தூள், கிராம்பு முகரச் செய்து குறித்துக்கொள்வது நல்லது. 2020-க்குப் பின் கொரோனாவால் வாசனை குறைந்தவர்களும் உண்டல்லவா?

முதல் சில வாரங்கள் வீக்கத்தாலும் பொருக்காலும் வாசனை மங்கும். பெரும்பாலோருக்கு மூன்று மாதத்துக்குள் திரும்பும்; சிலருக்குத் திரும்புவதில்லை. ஆரம்பத்தில் மூக்கை வேகமாகச் சிந்தக் கூடாது. டாக்டர் சொல்லும்போது உப்புநீரால் கழுவ வேண்டும். பொருக்கை அகற்ற மறுபரிசோதனைக்குப் போகவேண்டும்.

நம் ஜனங்கள் தவறவிடுவது இதைத்தான். செங்கோட்டை, கடையநல்லூர் பக்கத்தார் கடன் வாங்கியாவது திருநெல்வேலி, மதுரை, வேலூர் சென்று ஆபரேஷன் செய்துகொள்வார்கள். பிறகு "கண் தெரியுதே, போதும்" என்று வீட்டிலிருந்து விடுவார்கள். காரணம் பஸ் கட்டணமும் ஒருநாள் கூலியும்தான். இந்தப் பயணச் செலவுக்கென்று காணிக்கை அனுப்ப விரும்புகிறவர்கள் "மறுபரிசோதனை" என்று எழுதி அனுப்புங்கள். ஆபரேஷனுக்காகக் காத்திருக்கிறவர்களையும் உங்கள் ஜெபக்குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.