மேலே மண், அடியில் சுக்கான்: முரம்பு நிலத்தின் இயல்புகள்

நிலத்தைக் கூர்ந்து நோக்கிப் பெயரிட்டவர்கள் நம் முன்னோர். பருக்கைக் கற்கள் விரவிய வன்மையான மேட்டு நிலத்தை அவர்கள் 'முரம்பு' என்றனர். நடப்போர் காலை உறுத்தும் அச்சிறு கற்களைப் 'பரல்' என்றனர். விளைவு தராத நிலம் 'களர்' எனப்பட்டது. கல்லாதவரை வள்ளுவர் களருக்கு ஒப்பிட்டதை மாணவர்கள் அறிவர். உழவர் பேச்சில் 'சரளை', 'சுக்கான்' என்னும் சொற்கள் இன்றும் உயிரோடு உலவுகின்றன. கப்பலைத் திருப்பும் சுக்கான் அரபு மொழி தந்த சொல். நாம் ஈண்டுக் கூறும் சுக்கான் வேறு. இது மண்ணுக்குள்ளேயே சுண்ணாம்பு இறுகிக் கல்லாகிய பொருள். வடபுலத்தார் இதனைக் 'கங்கர்' என்பர். லாம்ப்ளூ என்னும் ஆங்கிலேய நிலவியலார் 1902இல் இதற்குக் 'கால்கிரீட்' என்று பெயர் சூட்டினார்.

தென்பெண்ணையின் கரையிலுள்ள மணலூர்பேட்டை, மணலைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊர். ஆற்றை ஒட்டிய நிலத்தில் மண்வெட்டி இடையூறின்றி இறங்கும். ஆற்றை விட்டு விலகி மேட்டுப் பக்கம் சென்றால் செம்மண் தொடங்கும். கல்வராயன் மலையடிவாரத்தை நோக்கிச் செல்லச் செல்ல அச்செம்மண்ணில் சரளை மிகும். அடியில் கிடப்பவை நைஸ், சார்னோகைட் என்னும் மிகப் பழைய பாறைகள். மேலிருந்து பார்க்கும்போது இரு நிலங்களும் ஒரே நிலமாகத் தோன்றலாம். விலையும் ஏறத்தாழ ஒன்றாகவே பேசப்படலாம். வேறுபாடு ஒன்றரை அடிக்குக் கீழே இருக்கிறது. கடன்பட்டு மேட்டு நிலம் வாங்கித் தென்னை வைக்கும் குடும்பத்திற்கு அந்த ஒன்றரை அடியே வாழ்வையும் தாழ்வையும் முடிவு செய்கிறது.

இத்தகைய நிலத்தின் முழு வடிவத்தைக் காண வேண்டுமாயின் பாலைவனத்திற்குத்தான் செல்ல வேண்டும். தமிழகத்தில் உண்மையான பாலைவனம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டுப் பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் நிலத்தையே இன்றைய அறிவியல் பொதுவாகப் பாலைவனம் என்கிறது. ராஜஸ்தானத்தின் மேற்குப் பகுதி, அரபு நாடுகள், அமெரிக்காவின் நெவாடா, நியூ மெக்சிகோ ஆகிய இடங்களில் அந்நிலத்தைக் காணலாம். அங்கே பரந்து கிடக்கும் மண்வகை ஒன்றிற்கு மூன்று இயல்புகள் உண்டு. முதலாவது ஆழமின்மை: வேர் இறங்கக்கூடிய மண் 50 சென்டிமீட்டருக்கும் குறைவு. இரண்டாவது சரளை: 2 முதல் 75 மில்லிமீட்டர் வரை அளவுள்ள கற்கள் மண்ணின் பருமனில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலுமோ அடைத்துக்கொள்ளும். மூன்றாவது, இவற்றுக்கு அடியில் காரை பூசியது போல் இறுகிக் கிடக்கும் கல்தளம். இக்கல்தளத்தைச் சுண்ணாம்பு பிணைத்திருந்தால் அது சுக்கான் தளம். சிலிக்கா பிணைத்திருந்தால் 'டூரிபான்'. குவைத்தில் இத்தகைய இறுகிய அடுக்கைக் 'கட்ச்' என்பர். பிழைப்பின் பொருட்டு அங்குச் சென்ற நம்மவர் பலர், சாலைப் பணிக்கு அது தோண்டி எடுக்கப்படுவதைக் கண்டிருப்பர்.

இத்தளம் தோன்றும் முறை வியப்புக்குரியது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்கள் வெளியிடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. பாறைத் துகளிலும் காற்று கொணரும் தூசியிலும் உள்ள சுண்ணாம்பை அது கரைத்துக் கீழே கொண்டு செல்கிறது. மழை மிகுந்த நாட்டில் அந்நீர் நிலத்தடி நீரோடு கலந்து ஆற்றை அடைந்துவிடும். மழை குறைந்த நாட்டிலோ பாதி வழியில் நின்றுவிடும். வேரும் வெயிலும் நீரை உறிஞ்சிக்கொள்ள, சுண்ணாம்பு மட்டும் அங்கேயே தங்கிவிடும். ஆதலின் சுக்கான் கிடக்கும் ஆழம், பண்டைய மழை எவ்வளவு தூரம் இறங்கிற்று என்பதை ஓரளவு காட்டும் குறி எனலாம்.

நியூ மெக்சிகோ பாலையில் ஆய்ந்த கைல், பீட்டர்சன், கிராஸ்மன் ஆகிய மூவரும் 1966இல் இவ்வளர்ச்சியை நான்கு படிகளாக வகுத்தனர். சரளைக் கல்லின் மேல் வெண்மையாய்ப் படியும் மெல்லிய பூச்சு முதற்படி. கற்களின் இடைவெளிகள் நிரம்பத் தொடங்குவது இரண்டாம் படி. இடைவெளி முற்றும் அடைபட்டு நீர் இறங்க இயலாமற் போவது மூன்றாம் படி. அடைபட்ட தளத்தின் மேலே நீர் தேங்கித் தேங்கி, ஏடு ஏடாகச் சுண்ணாம்பு படிவது நான்காம் படி. இதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். தளம் முற்றி இறுகப் பல்லாயிரம் ஆண்டுகளும் ஆகும். ஒரு தலைமுறையின் உழைப்பால் மாற்றக்கூடிய பொருளன்று இது.

உழவனுக்கு இதனால் நேர்வது என்ன? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல இருமண்பாட்டு நிலம் 1 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 150 மில்லிமீட்டர் நீரைப் பயிருக்கென வைத்திருக்கும். பயிர் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் குடித்தாலும் அது 30 நாளைக்குப் போதும். முரம்பு நிலத்தில் ஆழமோ 40 சென்டிமீட்டர். அதிலும் நூற்றுக்கு 40 பங்கு கல். கல் நீரைத் தேக்காது எனக் கொண்டால் எஞ்சும் இருப்பு 36 மில்லிமீட்டர். அஃதாவது ஏழு நாள் உணவு. எட்டாம் நாள் மழை பெய்யாவிடில் வேர்க்கடலை வாடத் தொடங்கும். அந்த ஏழு நாளைக் கூட்டித் தருபவர் யாருமில்லை. ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தாலும், வறண்ட அம்மண் 36 மில்லிமீட்டரைத்தான் அவ்வாறு சேமிக்கும். எஞ்சியதில் பெரும்பகுதி தளத்தின்மீது தேங்கி வேரை அழுகச் செய்யும் அல்லது மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடிவிடும்.

2024 டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் வெளியேறித் தென்பெண்ணைக் கரையூர்கள் வெள்ளத்திற்கு ஆளாயின. அத்தகைய பெருமழையை எந்த மண்ணும் உறிஞ்சி முடித்திருக்காது. பழியை மேட்டு நிலத்தின் மேல் போடுவது பொருந்தாது. ஆயினும், ஆழமற்ற மண் மழையைக் கைமாற்றி விடுகிறதேயன்றி வைத்திருப்பதில்லை என்பது சிறு மழைக்கும் பொருந்தும்.

ஊட்டச் சிக்கலும் உண்டு. சுக்கான் கலந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் பயிர் அதனை எடுக்க இயலாது. நிலக்கடலையின் இளந்தளிர், நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தோன்றுவது இதன் அடையாளம். யூரியாவை அள்ளி இறைப்பதனால் இது தீராது; இலைவழி இரும்பு சல்பேட் தெளித்தால் தளிர் பசுமை பெறும்.

எல்லாக் கடினமும் ஒன்றன்று என்பதை ஈண்டு வற்புறுத்த விரும்புகிறோம். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுவதால் உண்டாகும் இறுக்கம் ஒருவகை. நுண்ணிய களிமண் கீழிறங்கி அடைத்துக்கொள்வது மற்றொரு வகை. தமிழகச் செம்மண் நிலங்களில் இது மிகுதி. இவ்விரண்டிற்கும் உளிக்கலப்பை மருந்தாகும். அரை மீட்டர் இடைவெளியில், 45 சென்டிமீட்டர் ஆழத்திற்குக் குறுக்கும் நெடுக்குமாக உழுது, எக்டருக்கு 12.5 டன் தொழுவுரம் இடுமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஆனால் முற்றிய சுக்கான் தளத்தின்மேல் அதே கலப்பையைச் செலுத்தினால் உடைவது பெரும்பாலும் கலப்பையே.

இவற்றைப் பிரித்தறிய ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. அடியிலிருந்து பெயர்த்த கட்டி ஒன்றை உலர்த்தி, ஒரு குவளை நீரில் ஓர் இரவு ஊறவிட வேண்டும். கரைந்து குழைந்தால் அது களி இறுக்கம். கரையாவிடில் அது காரை போல் பிணைக்கப்பட்ட தளமாகவோ பாறையாகவோ இருக்கும். அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் சிறு நுரை எழுமாயின் பிணைத்திருப்பது சுண்ணாம்பு.

வன்னிலத்தைப் பற்றி நம் மார்க்க நூல்கள் கூறுவன சிந்திக்கத்தக்கவை. பிறர் காணக் கொடுக்கும் தருமத்திற்குத் திருக்குர்ஆனின் பகரா அத்தியாயம் காட்டும் உவமை, மேலே சிறிது மண் படிந்த வழவழப்பான பாறை. பெருமழை பெய்ததும் மண் போய்ப் பாறை மட்டும் எஞ்சுகிறது. மண்ணின் ஆழமின்மை இங்கே மனத்தின் ஆழமின்மைக்கு ஒப்பாகிறது. அபூமூஸா அல்-அஷ்அரீ (ரலி) அறிவித்து ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ள நபிமொழியோ மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. நேர்வழியையும் கல்வியையும் மழைக்கு ஒப்பிட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மூவகை நிலங்களைக் கூறினார்கள். நீரை உறிஞ்சிப் பயிரை விளைவிப்பது ஒன்று. நீரையும் தேக்காமல் புல்லையும் முளைப்பிக்காமல் கிடப்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே, தான் விளையாவிடினும் நீரைத் தேக்கி வைத்துப் பிறர் பருகவும் பாய்ச்சவும் உதவும் வன்னிலம் ஒன்றுண்டு. வன்னிலம் அனைத்தையும் அவர்கள் ஒரே தட்டில் வைக்கவில்லை என்பது கருதத்தக்கது.

இவ்விடை நிலத்தின் பயனை மக்கள் நெடுங்காலமாக அறிந்துள்ளனர். ஜெய்சல்மேர்ப் பகுதியில் பாறை மேட்டில் விழும் மழையைக் கரை கட்டித் தாழ்வான வயலில் தேக்குவர். 'காடின்' எனப்படும் அவ்வயலில், ஆண்டுக்கு 200 மில்லிமீட்டருக்கும் குறைவான மழையில், கோதுமை விளைகிறது. நம் ஏரிகளும் இவ்வகையினவே. மேட்டு முரம்பு நீரை உறிஞ்சாமல் விடுவதால்தான் கீழேயுள்ள ஏரி நிறைகிறது. காங்கேயம் பகுதியினர் சரளை நிலத்தை உழுது வருத்தாமல், கிளுவை வேலியிட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் வளர்த்துக் 'கொறங்காடு' என்னும் மேய்ச்சல் நிலமாக்கினர். அந்நாட்டுக் காளையின் புகழ் அம்மண்ணோடு பிணைந்தது. பெயர்த்தெடுத்த சுக்கானும் வீணாவதில்லை. சிமெண்ட் வருவதற்கு முன் அதனைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிச் சுவர் எழுப்பினர்.

மரம் வைக்க விரும்புவோர் இலந்தை, சீத்தா, நெல்லி, வேம்பு ஆகியவற்றை நாடலாம். வாழையும் தென்னையும் ஆற்றோரத்திற்கு உரியன. மேற்பரப்பிலுள்ள சரளை முழுவதையும் பொறுக்கி எறிவது நன்றன்று. கல்மூடாக்கு வெயிலில் ஈரம் ஆவியாவதைக் குறைக்கிறது, மழைத்துளியின் அடியையும் தாங்குகிறது. தளம் மெலிதாயின் குழிதோறும் கடப்பாரையால் அதனை உடைத்து, அடியிலுள்ள மக்கிய பாறை வரை வழி திறந்து, மேல்மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்பி நடலாம். உடைக்காமல் அதன்மேலேயே குழியை நிரப்பி நட்டால், தொட்டியில் வைத்த செடிபோல் மரம் சில ஆண்டு தழைத்துப் பிறகு நின்றுவிடும். நிலம் வாங்குவோர் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, மேட்டில் ஒன்று, சரிவில் ஒன்று, தாழ்வில் ஒன்றாக ஓராள் இடுப்பளவுக்கு மூன்று குழிகள் வெட்டிப் பார்க்க இசைவு கேட்பது நல்லது. ஒரு நாள் கூலியில் முடியும் வேலை அது. விற்பவர் மறுப்பாராயின் அதுவும் ஒரு விடையே.