பெல்ட்டின் நிறமும் பிள்ளையின் பொறுமையும்

 

அஸர் தொழுகை முடிந்து வெயில் தாழ்கின்ற வேளையில், எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அந்த இரைச்சலுக்கும் புழுதிக்கும் ஒதுங்கி, வெள்ளைச் சீருடையும் இடுப்பில் வண்ணப் பெல்ட்டுமாய்ச் சிறுவர் சிறுமியர் பயிற்சிக்கு விரைவது எர்ணாவூர், திருவொற்றியூர்ப் பகுதிகளில் இன்று புதுமையான காட்சியன்று. அவர்களில் நம் சமுதாயப் பிள்ளைகளும் உண்டு. கராத்தேயைப் போலவே டேக்வாண்டோ என்னும் கொரிய நாட்டுத் தற்காப்புக் கலையும் நம் இல்லங்களுக்குள் நுழைந்துவிட்டது.

பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தந்தை பயிற்சியாளரிடம் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் இதுதான்: "மாஸ்டர், பிளாக் பெல்ட் வாங்க எத்தனை மாதம் ஆகும்?"

இக்கேள்வியில் 'வாங்க' என்ற சொல்லைச் சற்றே கவனியுங்கள். கடையில் பருப்பும் வாங்குகிறோம்; கல்லூரியில் பட்டமும் வாங்குகிறோம். ஒன்று காசுக்குக் கிடைப்பது. மற்றொன்று உழைப்புக்குக் கிடைப்பது. இரண்டுக்கும் நம் நாவில் ஒரே சொல் இருப்பதாலோ என்னவோ, இரண்டையும் ஒன்றாகவே கருதத் தொடங்கிவிட்டோம். துறைமுகத்திலும் ஆலையிலும் ஷிப்டு முறையில் உழைக்கும் தந்தையின் வியர்வைப் பணம் இதில் செலவாகிறது. வளரும் பிள்ளையின் எலும்பும் மூட்டும் இதில் பணயமாகின்றன. அவற்றினும் மேலாக, அப்பிள்ளையின் குணம் இதில் உருவாகிறது. ஆகவே அந்தப் பெல்ட் என்பது என்ன, அது எவ்வாறு வரவேண்டும் என்பதை நாம் அறிந்துகொள்ளல் கடமையாகும்.

மூன்று சொற்களின் கலை

'தே' என்றால் காலால் தாக்குதல். 'க்வோன்' என்றால் கைமுட்டி. 'தோ' என்றால் வழி, நெறி. கொரியாவின் பழைய சண்டைமுறைகளும் ஜப்பானியக் கராத்தேயும் கலந்து உருவான இக்கலைக்கு 1955-ஆம் ஆண்டில் இப்பெயர் சூட்டப்பட்டது. 1972-இல் சியோல் நகரில் 'குக்கிவோன்' என்னும் தலைமைப் பயிற்சி மையம் திறக்கப்பட்டது. 1973-இல் உலகக் கூட்டமைப்பு அமைந்தது. முதல் உலகப் போட்டியும் அதே ஆண்டில் அதே நகரில் நடந்தேறியது. 1988-இலும் 1992-இலும் ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாக இருந்த இக்கலை, 2000-ஆம் ஆண்டு சிட்னியில் பதக்கப் போட்டியாக ஏற்கப்பெற்றது.

பெல்ட்டின் வரலாறு இதனினும் பழையது. 1882-இல் ஜூடோ கலையைத் தோற்றுவித்த ஜப்பானியக் கல்வியாளர் ஜிகோரோ கானோ, தேர்ந்த மாணவரை அடையாளங்காணக் கறுப்புப் பெல்ட்டை வழக்கத்திற்குக் கொண்டுவந்தார். பிற கலைகள் அம்முறையை எடுத்துக்கொண்டன. அவர் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. அவருக்குப் பெல்ட் என்பது கற்றவனின் நிலையை ஆசிரியர் கண்டறியும் குறி.

படிகள் எத்தனை?

டேக்வாண்டோவில் புதிதாய்ச் சேரும் பிள்ளை வெள்ளைப் பெல்ட் அணிகிறது. பின்னர் மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு என நிறங்கள் மாறுகின்றன. இடையிடையே கோடிட்ட பெல்ட்டுகளும் உண்டு. இந்தத் தொடக்கநிலைப் படிகளுக்குக் 'குப்' என்று பெயர். பத்தாம் குப்பில் தொடங்கி ஒன்றாம் குப் வரை கீழ்நோக்கி எண்ணுவார்கள். அதன்பிறகே கறுப்புப் பெல்ட். அதற்குள்ளும் 'டான்' என்னும் படிகள் மேல்நோக்கி எண்ணப்படுகின்றன. முதல் டானிலிருந்து இரண்டாவதற்குக் குறைந்தது 1 ஆண்டும், இரண்டிலிருந்து மூன்றுக்கு 2 ஆண்டுகளும், மூன்றிலிருந்து நான்குக்கு 3 ஆண்டுகளும் காத்திருக்க வேண்டும் என்பது குக்கிவோனின் விதி. மேலே ஏற ஏறக் காத்திருப்பும் நீளுகின்றது!

பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் அறிய வேண்டிய மற்றொரு விதியும் உண்டு. 15 வயது நிரம்பாத பிள்ளை எவ்வளவு திறமை பெற்றிருப்பினும் குக்கிவோன் அதற்கு 'டான்' வழங்குவதில்லை. 'பும்' என்னும் சிறுவர் தகுதியையே வழங்குகிறது. அவர்களின் பெல்ட் பாதி சிவப்பும் பாதி கறுப்புமாய் இருக்கும். 15 வயது நிரம்பியபின் அத்தகுதியை டானாக மாற்றிக்கொள்ளலாம்.

இதைப் படிக்கையில் ஹதீஸ் கற்றோர்க்கு ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வராமல் இராது. உஹத் யுத்தத்தின்போது இப்னு உமர் (ரலி) அவர்கள் 14 வயதுச் சிறுவராய் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன் நின்றார்கள், அனுமதி கிடைக்கவில்லை. பின்னர் அகழ் யுத்தத்தின்போது 15 வயதினராய் நின்றார்கள், அனுமதி கிடைத்தது. புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது. ஆர்வம் அன்றும் இருந்தது, வீரமும் இருந்தது. ஆயினும் வயது வரட்டும் என்று அண்ணலார் (ஸல்) காத்திருக்கச் செய்தார்கள். அந்த மறுப்பு அச்சிறுவருக்கு இழிவாக அமையவில்லை, பாதுகாப்பாக அமைந்தது. பிற்காலத்தில் அவர்கள் எத்துணைப் பெரிய மார்க்க மேதையாய்த் திகழ்ந்தார்கள் என்பதை உலகறியும்.

அவசரம் எங்கே இடறுகிறது?

வட்டமாகக் காலைச் சுழற்றி அடிக்கும் ஓர் உதையை எடுத்துக்கொள்வோம். பார்ப்பதற்கு ஒரு நொடியில் முடிந்துவிடும். ஆனால் அதற்குள் ஓர் இலக்கணமே இருக்கிறது. முதலில் முழங்கால் உயர வேண்டும். அடுத்து, ஊன்றிய பாதம் தரையில் திரும்ப வேண்டும். அத்துடன் இடுப்பும் திரும்ப வேண்டும். அதன்பிறகே கால் நீள வேண்டும். அடித்த கால் மீண்டும் மடங்கித் தன் இடத்திற்குத் திரும்ப வேண்டும். ஊன்றிய பாதம் திரும்பாமல் உடல் மட்டும் திரும்பினால் முழங்கால் மூட்டு முறுக்கப்படும். வளரும் பிள்ளையின் எலும்பு நுனிகள் மென்மையானவை. தவறான அசைவை ஆயிரம் முறை செய்தால் அந்த மூட்டு என்னாகும்?

ஆகவேதான் 'பும்சே' என்னும் அசைவுத் தொடர்களை ஒவ்வொன்றாய்க் கற்பிக்கிறார்கள். குக்கிவோன் முறையில் கறுப்புப் பெல்ட்டிற்கு முன் எட்டுத் தொடர்கள் உள்ளன. முதலாவதில் 18 அசைவுகள். நடப்பது போன்ற நிலை, கீழே தடுத்தல், முட்டியால் குத்துதல், முன்னே உதைத்தல் என எளியவையே அதில் அமைந்துள்ளன. அது பழுதறப் படிந்தபின் அடுத்தது.

மத்ரஸாவில் ஓதிக்கொடுப்போர்க்கு இது அந்நியமான முறையன்று. காயிதாவைக் கையில் வாங்கிய பிள்ளைக்கு முதல் நாளே யாஸீன் ஓதிக்கொடுப்பதில்லை. 'ஹம்ஸா'வும் 'ஐனு'ம் நாவிலும் தொண்டையிலும் தனித்தனியே பிரியும்வரை பக்கம் புரட்டப்படுவதில்லை. "அடுத்த வீட்டுப் பிள்ளை அம்ம ஜுஸ்வு முடித்துவிட்டதே, எங்கள் பிள்ளை மட்டும் ஏன் இன்னும் காயிதாவில்?" என்று தாய்மார் வருந்துவதுண்டு. எழுத்துப் பிழையோடு ஏறிய பிள்ளை முப்பது ஜுஸ்வுகளிலும் அப்பிழையைச் சுமந்து செல்லும். மெதுவாக ஏறிய பிள்ளையோ பின்னர் ஓடவும் செய்யும். மெத்தை விரித்த பயிற்சிக்கூடத்திலும் நியதி இதுவே.

ஒழுங்காகப் பயிலும் பிள்ளை கறுப்புப் பெல்ட் நிலையை அடைய மூன்று, நான்கு ஆண்டுகள் ஆவது இயல்பு. ஓராண்டில் தருகிறேன் என்பவரிடம் எச்சரிக்கையாய் இருங்கள்.

கேட்டறிய வேண்டியவை

ஒவ்வொரு படிக்கும் தேர்வுண்டு, தேர்வுக்குக் கட்டணமுண்டு, புதுப் பெல்ட்டுக்கும் சான்றிதழுக்கும் விலையுண்டு. இவை நியாயமான செலவுகளே. ஆனால் தேர்வெழுதும் அனைவரும் ஒருவர் தவறாமல் தேறிக்கொண்டே இருந்தால், அங்கு நடப்பது தேர்வா, விற்பனையா என்று நாம் சிந்திக்க வேண்டாமா?

பிள்ளையைச் சேர்க்குமுன் சில வினாக்களைத் தயங்காது கேளுங்கள். பயிற்சியாளரின் டான் சான்றிதழை வழங்கியது யார்? உலகில் டேக்வாண்டோவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் உள்ளன. ஓர் அமைப்பின் சான்றிதழை மற்றது ஏற்பதில்லை. எனவே பிள்ளை பெறும் சான்றிதழ் பள்ளி விளையாட்டுப் போட்டிகளுக்குச் செல்லுமா என்பதை முன்னரே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தேர்வில் தவறும் பிள்ளைக்கு மறுவாய்ப்பு எப்போது? ஸ்பாரிங் எனப்படும் சண்டைப் பயிற்சியில் மார்புக் கவசம், தலைக் கவசம், பல் கவசம் கட்டாயமா? சிறுவரைப் பெரியவரோடு மோதவிடுவதுண்டா? பலகை உடைப்பதற்குச் சிறு பிள்ளைகளை வற்புறுத்துவதுண்டா? மொத்தக் கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு?

இவற்றிற்கு முகஞ்சுளியாமல் விடை கூறுபவரே நல்லாசிரியர்.

நம் மார்க்க வரம்புகள்

வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் ஆசிரியருக்குக் குனிந்து மரியாதை செய்வது கொரிய மரபு. சந்திக்கும் சகோதரனுக்குக் குனியலாமா என்று வினவப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் கூடாதென்று விடையளித்த செய்தி திர்மிதியில் உள்ளது. ருகூவைப் போன்ற குனிதல் படைத்தவனுக்கே உரியது. இதைச் சண்டைக்குரிய விஷயமாக்காமல், முதல் நாளே பணிவோடு பயிற்சியாளரிடம் எடுத்துரையுங்கள். நெஞ்சில் கைவைத்து மரியாதை தெரிவிக்கப் பிள்ளைக்கு அனுமதி கேளுங்கள். உங்கள் பகுதி ஆலிமிடமும் கலந்துகொள்ளுங்கள்.

முகத்தில் அடிப்பதைப் பெருமானார் (ஸல்) தடுத்துள்ளார்கள். உலக டேக்வாண்டோ விதிப்படி முட்டியால் முகத்தில் குத்துதல் குற்றமாகும். ஆனால் தலையை நோக்கிய உதைக்குப் புள்ளிகள் உண்டு. இதில் மனம் ஒவ்வாதவர்கள் தம் பிள்ளையைப் பும்சே போட்டிகளில் ஈடுபடுத்தலாம். 2006 முதல் அதற்கெனத் தனி உலகப் போட்டி நடைபெறுகிறது. 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் அது இடம்பெற்றது.

மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் பயிற்சி நடக்குமானால் தொழுகைக்கு இடைவேளை கேட்பது நம் உரிமை. சீருடை தளர்வானது, மணிக்கட்டு, கணுக்கால் வரை மறைப்பது. பெண்பிள்ளைகளுக்குத் தனி வகுப்பும் பெண் பயிற்சியாளரும் கிடைப்பின் மிக நன்று. அரசுப் பள்ளி மாணவியர்க்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி அளிக்கப்படுவதையும் விசாரித்துப் பயன்பெறுங்கள்.

"முக்காடிட்ட பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு?" என்போர்க்கு ஒரு செய்தி. 2007-இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் தலைத்துணி அணிந்ததற்காக முஸ்லிம் சிறுமியர் டேக்வாண்டோ போட்டியிலிருந்து தடுக்கப்பட்டனர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 57 கிலோ எடைப்பிரிவில் ஈரானின் கிமியா அலிஸாதாவும் எகிப்தின் ஹிதாயா மலாக்கும் தலைத்துணியுடன் களமிறங்கி, இருவருமே வெண்கலம் வென்றனர். ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் ஈரானியப் பெண் என்ற சிறப்பும் கிமியாவுக்குக் கிட்டியது. தொலைவில் ஏன் தேட வேண்டும்? 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காஸிமா, நம் வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகளே அல்லவா?

எது வலிமை?

வடசென்னைக்குச் சண்டைக்கலை புதிதன்று. குத்துச்சண்டைப் பரம்பரைகள் கோலோச்சிய மண் இது. அந்த வீரத்தால் ஏற்றம் பெற்றோரும் உண்டு. அதைத் தெருவில் செலவழித்துக் காவல் நிலையப் படியேறியோரும் உண்டு. இருவருக்கும் கை ஒன்றே. கையை ஆண்ட மனமே வேறு.

மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவன் பலசாலியல்லன், கோபத்தின்போது தன்னை அடக்கிக்கொள்பவனே பலசாலி என்பது அண்ணலாரின் அறிவுரை. பலம் வாய்ந்த மூமின் அல்லாஹ்வுக்கு மிக உவப்பானவர் என்றும் அவர்களே நவின்றார்கள். இவ்விரண்டையும் சேர்த்தே பிள்ளைக்குக் கற்பியுங்கள். ஒன்றை விட்டு மற்றொன்றைக் கற்பித்தால், கோழையையோ முரடனையோ வளர்த்தவர்களாவோம்.

அந்தப் பாடத்தைப் புகட்டுவதற்குத் தேர்வில் தவறும் நாளைவிடச் சிறந்த நாளில்லை. கூட வந்த தோழன் பச்சைப் பெல்ட் கட்டிக்கொள்ள, தன் பிள்ளை மஞ்சளோடு நிற்கிறான். அவன் கண்ணில் நீர் ததும்புகிறது. அப்போது பயிற்சியாளரோடு வாதாடச் செல்லாதீர்கள். கூடுதல் கட்டணம் தருகிறேன் என்று பேசாதீர்கள். "எந்த அசைவு தவறியது மகனே?" என்று மட்டும் கேளுங்கள். தோழனுக்கு முபாரக் சொல்லிவரச் செய்யுங்கள். அடுத்த மூன்று மாதம் மொட்டைமாடியில் அவன் அந்த அசைவைப் பழகுவதை அருகிருந்து பாருங்கள். அந்த மூன்று மாதத்தில் அவன் பெறுவதை எந்த நிறப் பெல்ட்டும் தந்துவிட முடியாது.

பெல்ட் ஒருநாள் சாயம் போகும். பெட்டியின் அடியில் கிடக்கும். பொறுமையோ பரீட்சை மண்டபத்திலும், வேலை தேடும் நாட்களிலும், குடும்ப வாழ்விலும் உடன் வரும். பொறுமையாளர்களுடன் தான் இருப்பதாக இறைவன் வாக்களித்துள்ளான். நம் பிள்ளைகளை உடலால் வலியோராயும், உள்ளத்தால் பொறுமையாளராயும் வல்ல நாயன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.