எழுத்து மாறியது, எதிர்ப்பு கிளம்பியது!

சாமான் மாறவில்லை. பெயர்ப் பலகையும் மாறவில்லை. பட்டியலிலும் விளம்பரத்திலும் எழுத்தின் வடிவத்தை மட்டும் மாற்றியது ஒரு கடை. அதற்கே பல நாடுகளில் கூச்சல் கிளம்பிவிட்டது!

அந்தக் கடை ஐக்கியா. 1943-ம் ஆண்டில் சுவீடன் நாட்டில், இங்வார் காம்பிராட் என்ற 17 வயது வாலிபர் தொடங்கியது. இன்று கட்டில், மேஜை, நாற்காலி என்றால் உலகமே அதன் பெயரைச் சொல்கிறது.

ஐக்கியா ஆண்டுதோறும் படங்களுடன் ஒரு விலைப்பட்டியல் புத்தகம் வெளியிட்டு வந்தது. 2016-ல் மட்டும் 32 மொழிகளில் 20 கோடி பிரதிகள்! ஆகவே அதன் எழுத்து, பல குடும்பங்களுக்குப் பழகிய முகம் போல ஆகிவிட்டது.

சந்திரனுக்குப் போன எழுத்து

அந்த எழுத்தின் பெயர் பியூச்சரா. ஜெர்மனியைச் சேர்ந்த பால் ரென்னர் உருவாக்கியது. 1927-ல் வெளிவந்தது. வட்டமும் நேர்க்கோடுமாக அழகாக இருக்கும். 1969-ல் அமெரிக்க வீரர்கள் சந்திரனில் விட்டு வந்த தகட்டில் இருப்பதும் இந்த எழுத்துதான்.

2009-ல் ஐக்கியா இதைக் கைவிட்டது. வெர்டானா என்ற எழுத்துக்கு மாறியது.

புள்ளிகளால் ஆனது

வெர்டானாவை மைக்ரோசாப்ட் கம்பெனிக்காக உருவாக்கியவர் மாத்யூ கார்ட்டர். இளமையில் உலோகத்தில் கையால் எழுத்து வெட்டும் தொழிலைக் கற்றவர் அவர். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் திரையில் சிறிய எழுத்துக்கள் சரியாகத் தெரியாது. அதனால் அவர் முதலில் திரையின் புள்ளிகளை அடுக்கிப் பார்த்தார். பிறகே வடிவம் வரைந்தார். எழுத்துக்கள் அகலமாக, இடைவெளி விட்டு நிற்கும். 1996-ல் வெளிவந்தது.

புத்தகத்திலும் கம்ப்யூட்டரிலும் ஒரே எழுத்து, பல நாட்டு மொழிகளுக்கும் ஏற்ற எழுத்து வேண்டும் என்றது ஐக்கியா.

எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? "சிறிய திரைக்குச் செய்த எழுத்தைப் பெரிய விளம்பரத்தில் போட்டால் அசிங்கமாக இருக்கிறது. எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் இருக்கும் எழுத்தால் கடைக்கு என்ன தனிச்சிறப்பு?" என்றார்கள். ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டனர். கடை அசையவில்லை.

கட்டம் வரக்கூடாது!

2019-ல் மறுபடியும் மாற்றம். இம்முறை வந்தது, கூகிள் முன்னின்று உருவாக்கிய நோட்டோ. ஒரு மொழியின் எழுத்து கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால், அந்த இடத்தில் வெறும் கட்டம் தோன்றும் அல்லவா? அந்தக் கட்டத்துக்கு 'டோபு' என்று வேடிக்கைப் பெயர். டோபு கூடாது என்பதுதான் நோட்டோவின் பொருள். தமிழ் உள்பட ஏராளமான மொழிகளின் எழுத்துக்கள் இதில் உண்டு.

விலைப்பட்டியல் புத்தகம் 2021-ம் ஆண்டுப் பதிப்போடு நின்றுவிட்டது. இன்று செல்போனில்தான் விலை பார்க்கிறார்கள். அழகுக்காகப் போராடியவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தன் மொழி இருக்க வேண்டிய இடத்தில் கட்டத்தைக் காண்பவருக்கு விலையும் தெரியாது, அழகும் தெரியாது.